தரையைக் கேட்டு வாங்கு

தம்பி,

வீட்டுக்குக் கீழே உள்ள கராஜில் கார் தூக்கும் லிப்ட் ஒன்று போடப்போகிறாய் என்று அக்கா சொன்னார். கிழமை முழுக்க மற்றவர் வீட்டில் வேலை. சனி பின்னேரமும் ஞாயிறும்தான் உனக்கென்று இருக்கிற நேரம். அதை ஒரு காரோடு கழிக்க நினைக்கிறாய் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். யாழ்ப்பாணத்தில் காருக்குக் கீழே வெட்டிய கிடங்குக்குள் நின்று தொழில் பழகி, பலெர்மோவில் பிறருடைய கராஜ்களில் தலை நரைத்தவன் நான். விலை விசாரிக்கப் போகுமுன் இதை ஒருமுறை வாசித்துவிடு.

1. எதைத் தூக்கப்போகிறாய் என்று முதலில் எழுதி வை. உன் பியட் பாண்டா ஒரு தொன் அளவு. நீ ஆசையாக வாங்கிய பழைய 500 அதில் பாதிதான். மாமனாரின் மூன்று சக்கர ஆப்பேயை இரண்டு தூண் லிப்டின் நான்கு கைகளில் ஒழுங்காக ஏற்றவே முடியாது. வான் வாங்கினால் என்ன செய்வது, ஜீப் வாங்கினால் என்ன செய்வது என்று வராத வண்டிக்கெல்லாம் இடம் ஒதுக்காதே. நம்மவர்கள் பலர் கராஜுக்கு வாங்குவது தங்கள் ஆசையின் அளவில். அந்த ஆசைக்குத்தான் பிறகு மாதம் மாதம் தவணை கட்டுகிறார்கள்.

2. தரையைக் கேள். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இரண்டு தூண் லிப்டின் முழுப் பாரமும் இரண்டு தூணடிகளில் இறங்குகிறது, தூண் சாயாமல் பிடிப்பது அங்கே உள்ள சில ஆணிகள்தான். கார் மேலே இருக்கும்போது அந்த ஆணிகளைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசையும் அங்கேதான் விழும். அதனால் கொங்கிறீட்டுக்கு எவ்வளவு தடிப்பு, எவ்வளவு வலிமை வேண்டும் என்று ஒவ்வொரு கையேட்டிலும் எழுதியிருப்பார்கள். பதினைந்து சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் கேட்கிற லிப்டுகள் நிறைய. உன் வீட்டுப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் மாபிளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கட்டியவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கும். பலெர்மோ நிற்பது மென்மையான சுண்ணக்கல்லின் மேல். நம் யாழ்ப்பாணமும் சுண்ணக்கல்தான், ஆனால் இங்கே அந்தக் கல்லைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். அரபுக் காலத்துத் தொழில்நுட்பத்தில் வெட்டிய நிலத்தடி நீர்க்கால்வாய்கள் நகருக்குக் கீழே ஓடுகின்றன. பாப்பிரெத்தோ, கெமோனியா என்ற இரண்டு ஆறுகளை மூடிவிட்டு மேலே தெரு போட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் தரை என்றால் நான் இரண்டு தரம் யோசிப்பேன்.

ஒரு மூலையில் சிறு துளை போட்டுத் தடிப்பை அளந்து பார். கீழே வேறொருவரின் நிலவறை இருந்தால் ஆணி அடிக்கிற பேச்சே வேண்டாம். சந்தேகம் இருந்தால் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காசைக் கொடு. அந்தக் காசை மிச்சம் பிடித்த ஒரு முதலாளியிடம் நான் வேலை செய்தேன். தூணடியில் மயிரிழை வெடிப்பு ஒன்று கண்டது. சீமெந்து பூசி மறைத்தார். அடுத்த மாதம் அந்தப் பூச்சும் வெடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல காலம். ஆனால் நாங்கள் யாரும் அதன் கீழே போக மறுத்துவிட்டோம். பிறகு அந்த லிப்டில் ரயர்களை அடுக்கி வைத்திருந்தார்.

3. கூரையை நடுவில் அளக்காதே. பழைய வண்டிக்கொட்டில்களின் கூரை வளைந்திருக்கும். நடுவில் உயரம், ஓரங்களில் பதிவு. இரண்டு தூண் லிப்டின் தூண்கள் நிற்பதோ ஓரத்தில். பாண்டாவின் உயரம் ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் மேல். நீ நிமிர்ந்து நிற்க இன்னும் 1.80 வேண்டும். கூட்டிப் பார்த்தால் 3.40 மீற்றர் இல்லாமல் சரிவராது. மேலே குறுக்குச் சட்டம் உள்ள வகைக்கு அதுவும் போதாது. கார்க்கூரையில் சாமான் தட்டு இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

4. கரண்ட். இத்தாலியில் சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாற். லிப்ட் மோட்டர்கள் பலதும் 2.2 கிலோவாற், கிளம்பும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். மேலே அக்கா உடுப்பு தோய்க்கிற மெஷினைப் போட்டிருந்தால் வீடு முழுக்க இருளும், காரும் பாதி வழியில் நிற்கும். இணைப்பை 4.5 அல்லது 6 ஆகக் கூட்டலாம். மாதக் கட்டணமும் சேர்ந்து கூடும். மலிவாக வருகிற கராஜ் லிப்டுகள் பல மும்முனை மின்சாரத்துக்குச் செய்தவை. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிக்காதே.

5. உன் இடத்துக்கு எந்த வகை என்று கேட்டால், என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். சுமார் ஒரு மீற்றர் தூக்குகிற கத்தரி லிப்ட். தூண் இல்லை, வேலை முடிந்தால் தரையோடு படுத்துக்கொள்ளும், கார் அதன் மேலேயே நிற்கலாம். ரயர், பிரேக், சஸ்பென்ஷன், எண்ணெய் மாற்றம் எல்லாவற்றுக்கும் சின்ன வாங்கில் இருந்தபடி கை எட்டும். கியர்பொக்ஸ் இறக்க மட்டும் கஷ்டம், நடுப்பகுதியை அது மறைக்கும். ஆனால் நீ வருஷத்தில் எத்தனை கியர்பொக்ஸ் இறக்கப்போகிறாய்? நான்கு தூண் லிப்ட் அமைதியானது. கார் தன் சக்கரங்களிலேயே நிற்கும், கீழே இன்னொரு காரையும் விடலாம். ஆனால் சக்கரம் கழற்ற வேண்டுமென்றால் அதன் மேல் இன்னொரு ஜக் வேண்டும்.

இரண்டு தூணைப் பார்த்தால்தான் கராஜ் போலத் தெரியும் என்று நீ சொல்வாய். தெரியும்தான். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து பீட்டர் லுனாட்டி 1920களில் எண்ணெய் அழுத்தத்தில் கார் தூக்கும் லிப்டைச் செய்தபோது அவர் மனதில் இருந்தது சலூன் கதிரை என்று சொல்வார்கள். முடிவெட்டுகிறவன் குனியாமல் வேலை செய்ய ஒரு கதிரை, அவ்வளவுதான். கராஜ் எப்படித் தெரிய வேண்டும் என்று அந்த மனிதன் யோசித்திருக்க மாட்டான்.

6. நிறையைப் படி. இந்த ஊர்க் கார்களில் பாண்டாவுக்கு என்ஜின் முன்னால், பழைய 500க்கும் 126க்கும் பின்னால். ஒன்றுக்குப் பழகிய கையால் மற்றதை ஏற்றினால் சமநிலை பிசகும். கழற்றக் கழற்ற நிறை இடம் மாறும் என்பதையும் மறவாதே. முன்னால் உள்ள என்ஜினை இறக்கிவிட்டால் வால் கனத்துவிடும். அதற்கு முன்பே பின்பக்கத்துக்கு உயர ஸ்டாண்ட் கொடுத்துவிடு. கடற்கரை ஊர்க் கார் வேறு. ஓரச் சட்டம் வெளியே மினுங்கும், உள்ளே துரு தின்றிருக்கும். ஜக் வைக்கும் இடத்தைச் சுத்தியல் காம்பால் தட்டிச் சத்தம் கேள். நான்கு கைகளும் சரியாக அமர்ந்தபின் ஒரு சாண் மட்டும் தூக்கு. பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டு. ஆடாவிட்டால் மேலே கொண்டு போ.

7. பழைய லிப்ட் வாங்குவதில் வெட்கம் இல்லை, அவசரம்தான் கூடாது. ஐரோப்பிய இயந்திர விதிகள் இத்தாலியில் நடைமுறைக்கு வந்தது 1996இல். அதற்கு முந்திய லிப்டில் சிஇ முத்திரையை எதிர்பார்க்காதே. எனக்கென்றால் அப்படி ஒன்று வீட்டுக்குள் வேண்டாம். பிந்தியது என்றால் முத்திரை, தயாரித்தவரின் உறுதிப்பத்திரம், கையேடு மூன்றையும் கேள். திருகில் ஏறும் வகை என்றால் பாரம் தாங்கும் வெண்கல நட்டுக்குக் கீழே காவல் நட்டு ஒன்று இருக்கும். மேல் நட்டு தேயத் தேய இரண்டுக்கும் இடைவெளி குறையும். கையேட்டில் உள்ள அளவை வைத்து அதை அளந்து பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதே. எண்ணெய் வகை என்றால் இரும்புக் கயிறுகளில் பிசிறு நிற்கிறதா என்று பார், துணியால் துடைத்தால் துணி சொல்லும். விற்பவர் “நேற்றுவரைக்கும் ஓடியது” என்றால் இன்றைக்கும் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல். பொருத்துவதற்குத் தொழில் தெரிந்த ஆளைப் பிடி. தெர்மினி இமெரேசேயில் 1970இல் தொடங்கிய பியட் தொழிற்சாலை 2011 கடைசியில் மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு ஒரு கோப்பி குடித்தால் கையேட்டில் இல்லாததும் கிடைக்கும்.

8. எண்ணெயை நம்பி கீழே போகாதே. தூக்கியபின் கொஞ்சம் இறக்கி, பாரத்தை இரும்புப் பூட்டில் உட்கார வை. இரண்டு பக்கமும் பூட்டு விழுந்த சத்தம் கேட்க வேண்டும். ரேடியோவை நிறுத்து. இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு மலையேறி மெழுகுதிரி கொளுத்துகிறாய், நல்லது, நானும் ஏறுகிறவன்தான். பூட்டைப் பார்ப்பது மட்டும் உன் வேலை, அந்தத் தாயிடம் ஒப்படைக்காதே.

9. “லிப்ட் எதற்கு, கிடங்கு ஒன்று வெட்டிவிடு” என்று யாராவது சொல்வார்கள். நான் பழகியது கிடங்கில்தான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் துளியளவில் காட்டி ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் அதற்குள் நின்றுதான் திருத்தினோம். கிடங்கு திறந்த வெளியில், வேப்பமரத்தடியில் இருந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். இங்கே ஓடுகிற கார்களில் எல்பிஜி வாயு போட்டவை நிறைய, அதுவும் கீழே இறங்கித் தேங்குகிற வாயுதான். ஜன்னல் இல்லாத உன் கராஜில் கிடங்கு வேண்டாம் ராசா.

10. இனி எனக்குக் கவலையான விஷயம். லிப்ட் வந்த செய்தி ஒரு ஞாயிறு பூசைக்குள் பல்லரோ சந்தை முழுக்கப் பரவிவிடும். “தம்பி, பிரேக்கை ஒருக்காப் பாரன்” என்று சொந்தமும் வரும், சொந்தம் இல்லாததும் வரும். இத்தாலியில் 1992ஆம் ஆண்டின் 122ஆம் இலக்கச் சட்டப்படி கார் திருத்துவது பதிவு பெற்ற தொழில். தகுதியுள்ள தொழில்நுட்பப் பொறுப்பாளர் வேண்டும், வணிகச் சபையில் பதிவு வேண்டும். சொந்தக்காரன் தன் வண்டியில் செய்யலாம் என்று அந்தச் சட்டம் விட்டிருப்பதும் சிறு பராமரிப்பு வேலைகளைத்தான். கைக்குள் இருபது யூரோவைத் திணித்துவிட்டுப் போன அண்ணையின் கார் மொந்தே பெல்லெக்ரினோ மலை இறக்கத்தில் பிரேக் விட்டால், காப்புறுதிக்காரன் தேடி வருவது உன் வீட்டுக்கு. முடியாது என்று சொல்லப் பழகு. நம் சனத்துக்குள் அது கடினம், எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்வார்கள், கலியாண வீட்டில் முகம் திருப்புவார்கள். தொழிலாகவே செய்ய ஆசை என்றால் முறையாகப் படி, பதிவு செய். கையெழுத்து வேண்டிய இடத்துக்கெல்லாம் நான் கூட வருகிறேன்.

11. உப்புக் காற்றும் சிரோக்கோ காற்று கொண்டுவரும் தூசியும் திருகையும் கயிற்றையும் சும்மா விடாது. மாதம் ஒருமுறை துடை, கிறீஸ் போடு, ஆணிகளைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்குச் சரிபார். திகதியோடு ஒரு கொப்பியில் எழுது.

12. தரை, கூரை, கரண்ட் மூன்றில் ஒன்று சரிவராவிட்டாலும் இந்த வருஷம் வாங்காதே. நல்ல தரைஜக் ஒன்று, தொன் அளவு பொறித்த நான்கு ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அடைக்கட்டைகள். இவற்றோடு உன் பாண்டாவின் எண்ணெயையும் சிறு பராமரிப்பு வேலைகளையும் நீ தாராளமாகப் பார்க்கலாம். எதை வாங்கினாலும் கீழே போகும்போது வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போ. சின்னவனை கராஜுக்குள் விடாதே. துளை போட்டுத் தரையின் தடிப்பைப் பார்த்ததும் எனக்கு ஒரு கோல் எடு.