தேர்வுக் கட்டணம் கட்டாத தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பேப்பர் அரியர், அதில் ஒன்று கணக்கு. மறுபடி எழுதக் கட்டணம் கட்டச் சொல்லி அம்மா கொடுத்த பணம் போன செமஸ்டரிலிருந்து உன் பையிலேயே இருக்கிறது. வீட்டில் எழுதிவிட்டதாகச் சொல்லியிருக்கிறாய். போதாததற்கு, வாலிபர் கூட்டத்தில் ஓர் அண்ணன், பயம் என்றாலே விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஜெபிக்க முழங்கால் போட்டாலே உறுத்துகிறது என்கிறாய். "நான் விசுவாசி இல்லையா அண்ணா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய்.

முதலில் அந்த அண்ணனின் பேச்சை முடித்துவிடுவோம். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு கலங்கியதை மூன்று சுவிசேஷங்கள் எழுதி வைத்திருக்கின்றன. அவர் அதை யாரிடமும் மறைக்கவில்லை. மூன்று சீடர்களைக் கூப்பிட்டுத் தன் நிலைமையைச் சொன்னார், பக்கத்தில் இருக்கச் சொல்லிக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆண்டவரே கலங்கிய இடத்தில் ஒரு பொறியியல் மாணவன் கலங்கக் கூடாதா என்ன? பயம் வரும். வந்த பயம் உன்னை என்ன செய்ய வைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். போன செமஸ்டரில் நீ அந்தக் கணக்குப் பேப்பரில் தோற்கவில்லை தம்பி. எழுதவே இல்லை.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை உனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் நடித்துக்கூட இருப்பாய். அதை இன்னொரு முறை நிதானமாக வாசி. ஒரு தாலந்து என்பது சில்லறை இல்லை. அன்றைய கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் கூலி என்றால், ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம், அதாவது ஏறக்குறைய 20 வருட உழைப்பு. எல்லாரையும்விடக் குறைவாக வாங்கியவன் கையில் இருந்ததே அவ்வளவு. அவன் அதை மண்ணில் புதைத்தான். அந்தக் காலத்தில் திருட்டுக்குப் பயந்தவர்கள் செய்கிற காரியம்தான் அது, பைத்தியக்காரத்தனம் இல்லை. எஜமான் அவனைச் சோம்பேறி என்று திட்டுகிறார், நமக்கும் அந்த வார்த்தையே மனதில் நிற்கிறது. ஆனால் அவன் தன் வாயால் சொல்லும் காரணம் பயம். எதைக் கண்டு பயம்? பணம் போய்விடுமே என்பதைவிட, எஜமானைக் கண்டு. உழைக்காத இடத்திலும் பலனைப் பிடுங்கிக்கொள்கிற இரக்கமற்ற ஆள் இவர் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

மற்ற இரண்டு பேரும் அதே எஜமானிடம்தான் வேலை பார்த்தார்கள். அவர்கள் அவரைப் பற்றி இப்படி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனி. ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் கிடைத்த பாராட்டில் கூடக்குறைய ஒரு சொல் இல்லை. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்ற பேச்சே அங்கு எழவில்லை. புதைத்தவனிடமும், வட்டிக்காவது கொடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறார். எல்லாவற்றையும் வியாபாரத்தில் தொலைத்துவிட்டு வந்த ஒருவனை எஜமான் எப்படி நடத்தியிருப்பார் என்று இயேசு சொல்லவில்லை, நானும் சொந்தமாக ஒரு முடிவு எழுதிச் சேர்க்கப் போவதில்லை. ஆனால் உன் பயத்தின் வேர் கணக்குப் பாடத்தில் இல்லை என்பதை மட்டும் அந்த உவமையிலிருந்து எடுத்துக்கொள். கணக்கில் தோற்றால் கடவுளும் உன்னைத் தள்ளிவிடுவார் என்று நீ நினைத்திருப்பதில் இருக்கிறது அது.

அந்த நினைப்பை உனக்கு யார் கொடுத்தது? வேதாகமம் கொடுக்கவில்லை. நாங்கள் கொடுத்தோம், பெரியவர்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். தலையாக இருப்பாய், வாலாக இருக்க மாட்டாய் என்று வரும் உபாகம வசனம் கிடைத்தவர் முகத்தைப் பார்த்திருப்பாயே. மார்ச்சில் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் முன்னால் வைத்துச் சிறப்பு ஜெபம். மே மாதம் ரிசல்ட் வந்த ஞாயிறன்று 600க்கு 580 வாங்கிய பிள்ளை சாட்சி சொல்லும், சபை ஸ்தோத்திரம் சொல்லும். பெயிலான பிள்ளை அந்த வாரம் கோயிலுக்கு வராது. வந்தாலும் பெனடிக்ஷன் முடிகிற முன்னே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். சேலையூரிலும் பல்லாவரத்திலும் எந்த சபைக்குப் போனாலும் இதுதான் நிலைமை. தேர்வுக்காக ஜெபிப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஜெயித்தவர்கள் மட்டும் மைக் பிடிக்கிற இடத்தில் வளர்கிற பிள்ளை, ஆண்டவருக்கும் மார்க் ஷீட்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்?

வசனங்களை அதனதன் இடத்தில் வைத்துப் பார். அந்த உபாகம வசனம் ஒரு முழு ஜனத்தோடு செய்த உடன்படிக்கையின் பகுதி, நிபந்தனையோடு வருவது. செமஸ்டர் ரிசல்ட்டுக்கான கியாரண்டி கார்டு அல்ல. காலண்டர்களில் அதிகம் அச்சாகும் இன்னொன்று எரேமியா 29:11, நல்ல எதிர்காலத்தைப் பற்றியது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருடம் ஆகும் என்கிறது அது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்து வையுங்கள் என்று சொல்கிறது. அதைக் காதால் கேட்டவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். வாக்குத்தத்தம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்கள் எடிசனைக் கூப்பிடுவார்கள். நம் பக்கம் என்றால் கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு விமானப்படைத் தேர்வில் இடம் கிடைக்காமல் திரும்பியவர். அவர் தலைமையில் 1979 ஆகஸ்டில் ஏவிய எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது, அடுத்த ஜூலையில் வென்றது. அத்தனையும் உண்மைதான். ஆனால் பின்னால் வென்றதால்தானே அந்தத் தோல்வி நமக்குத் தெரியவந்தது? உன் பயம் கேட்கிற கேள்வி வேறு: கடைசிவரை வெல்லாமலே போனால்? அதற்கு ராக்கெட் கதையில் பதில் இல்லை.

அதனால் ரயிலில் நீ தினமும் கடக்கும் ஒரு ஸ்டேஷனைப் பற்றிச் சொல்கிறேன். தாம்பரம் சானடோரியம். இப்போது பாதிப் பேருக்கு அது மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கான ஸ்டாப். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் விடுதியை 1928இல் 12 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து. பெயரில் மூன்று வேதாகம மனிதர்கள் இருக்கிறார்கள். அவர் மனதில் விசுவாசம் எவ்வளவு வேலை செய்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. செய்த காரியம் போதும்.

அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மென்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917இல் அங்கே சேர்ந்த நோயாளிகளில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். குணமாகவில்லை. வேறு வேறு மருத்துவமனைகளுக்கு மாறி, ஊர் திரும்பி, 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். (அவருக்கு வந்தது காசநோயே இல்லை என்று வாதிடும் மருத்துவர்களும் பின்னாளில் உண்டு.) உலகம் நினைவில் வைத்திருக்கும் தன் நோயாளியைக் குணப்படுத்த முடியாத மருத்துவர், எட்டு வருடம் கழித்துத் தாம்பரத்தில் கடை விரிக்கிறார். அப்போது கையில் என்ன இருந்தது? காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததே 1943இல். அதுவரை வைத்தியம் என்றால் திறந்த வெளிக் காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, பிறகு காத்திருப்பது. தாம்பரம் அன்றைக்கு ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடம். வந்தவர்களில் சிலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. நாட்டில் எந்த சானடோரியத்திலும் அப்படித்தான்.

கதை அதோடும் முடியவில்லை. 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் வந்தது. 1959இல் வெளியான அதன் ஆய்வு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருக்கும் நோயாளியும் சானடோரியத்தில் இருக்கும் நோயாளிக்குச் சமமாகக் குணமாவார் என்று காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடுவதற்கு வழிவிட்ட ஆய்வுகளில் முக்கியமானது அது, நம் சென்னையில் நடந்தது. ஆக, சவுரிமுத்து வாழ்நாளெல்லாம் நம்பிய முறை தேவையற்றதாகப் போயிற்று. தோல்வி என்று சொல்ல விரும்பினால் சொல்லிக்கொள். ஆனால் அந்த வளாகம் நெஞ்சக நோய் மருத்துவமனையாக இன்றும் நடக்கிறது. 1990களில் பல ஆஸ்பத்திரிகள் ஹெச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடத் தயங்கியபோது அவர்களுக்குப் படுக்கை கொடுத்த இடம் அது. குணமாக்க முடியும் என்று உறுதியான பிறகு தொடங்கலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் உன் ஸ்டேஷனுக்கு வேறு ஏதாவது பெயர் இருந்திருக்கும்.

விசுவாசம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்று இப்போது புரியும் என்று நினைக்கிறேன். பாஸாகிவிடுவேன் என்ற நிச்சயம் அதற்குத் தேவையில்லை. யோர்தான் நதியில் பிதா தம் குமாரன்மேல் பிரியமாயிருப்பதாகச் சொன்ன அன்றைக்கு இயேசு ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. அன்பு முதலில் வந்தது, வேலை அப்புறம். உனக்கும் அந்த வரிசைதான்.

சரி, காரியத்துக்கு வருவோம். இன்றைக்கே அம்மாவிடம் சொல். பயத்தைவிட இந்தப் பொய்தான் உன்னை அதிகம் அழுத்துகிறது. சொல்லும்போது பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல், பேச்சு சுலபமாகும். திட்டுவார்கள். ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருப்பார்கள். பொறுத்துக்கொள்.

அடுத்து, தனியாகப் படிக்காதே. அப்போஸ்தலர் நடபடிகளில் மாற்கு என்றொரு வாலிபன் வருகிறான். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குக் கிளம்பி, பம்பிலியாவில் பாதியிலேயே கழன்று எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போகலாமா என்பதில் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, பிரிந்தே போனார்கள். பவுல் முடியாது என்றார். உறவுக்காரரான பர்னபா அவனைச் சீப்புருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெகுகாலம் கழித்துச் சிறையிலிருந்து எழுதும்போது பவுலே மாற்குவைக் கூட்டிவரச் சொல்லிக் கேட்கிறார். மாற்கு தன் தைரியத்தால் மட்டும் நிமிரவில்லை, ஒரு ஆள் கூடவே நடந்தார். அரியர் வைத்து எழுதி முடித்த சீனியர் ஒருவனைப் பிடி. கோல்ட் மெடல் வாங்கினவன் வேண்டாம். அவனோடு உட்கார்ந்து பழைய கேள்வித்தாள்களை ஒவ்வொரு யூனிட்டாகப் போட்டுப் பார்.

பாஸானால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாகப் பொருத்தனை பண்ணட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நடக்க ஆசையிருந்தால் நட, நல்ல காரியம். ஆனால் பேரம் பேசாதே. பயமாயிருக்கிறது என்றே ஜெபி. சங்கீதங்களில் எத்தனையோ புலம்பல்கள் உண்டு, 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் சபை வேதம் என்றுதான் வைத்திருக்கிறது.

மறுபடியும் போய்விட்டால்? போகலாம். கணக்குப் பேப்பர் அப்படித்தான். அப்போது இன்னொரு முறை எழுதலாம், அல்லது இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை என்று வீட்டில் வெளிப்படையாகப் பேசி வேறு வழி பார்க்கலாம். ஒளித்து வைக்காத வரைக்கும் இரண்டுமே மரியாதையான வழிகள். தூக்கம் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றினால் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்காதே. அந்த நிமிடமே 104க்கோ 14416க்கோ போன் செய், அம்மாவை எழுப்பு. மனநல மருத்துவரைப் பார்ப்பதும் விசுவாசத்துக்குக் குறைவில்லை.

கட்டணம் கட்டக் கடைசித் தேதி எது என்று நீ எழுதவே இல்லை. நாளைக் காலை முதல் வேலையாகக் காலேஜ் ஆபீஸில் அதைக் கேட்டுவிட்டு எனக்குப் பதில் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்