புதுச்சேரியில் இரண்டு நாள்: தனியாகப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

கேமராவோடு தனியாகப் புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது ஒரு பட்டியல். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், ஆயி மண்டபம், மணக்குள விநாயகர் கோயில், ஆசிரமம், ஆரோவில் என்று அது நீண்டுகொண்டே போகும். இரண்டு நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத் திரும்பினால் கடைகளில் விற்கும் வாழ்த்து அட்டைகளில் இருப்பதே நம் கையிலும் இருக்கும். தனிப் பயணத்தின் பெரிய வசதி, யாருக்காகவும் அவசரப்பட வேண்டாம் என்பதுதான். பட்டியலைத் துரத்தினால் அந்த வசதி வீணாகிறது. நடக்கும் பரப்பைச் சுருக்குங்கள், நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் இடைப்பட்ட பகுதியே இரண்டு நாளுக்குத் தாராளம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. காலமும் தங்குமிடமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை எப்போது வேண்டுமானாலும் திட்டத்தைக் கலைக்கும். ஏப்ரலுக்குப் பிறகு காலை எட்டு மணி வெயிலே கண்ணைக் கூசவைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே நடந்து படமெடுக்க ஏற்றவை. அந்தக் காலத்தில் மாசி மகம் வந்தால், சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்குக் கூடுவதைப் பார்க்கலாம். ஆனால் அன்றைய கூட்டத்தில் நிதானமாகத் தெருக்களைப் பார்க்க முடியாது. அதற்கென்று தனியாக ஒரு முறை வருவது நல்லது. பழைய நகரைக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி என்று பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் விடியற்காலையில் ஆட்டோ தேட வேண்டாம், உச்சி வெயிலில் அறைக்குத் திரும்பி ஓய்வெடுக்கவும் முடியும்.

2. வெளிச்சத்துக்கு ஒரு வரைபடம்

பழைய நகரம் சதுரங்கக் கட்டம்போல நேர்த் தெருக்களால் ஆனது. கிழக்கே கடல். இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்தால் எந்தத் தெருவில் எப்போது நிற்க வேண்டும் என்பது கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி போன்றவை கிழக்கு மேற்காகப் போகின்றன. காலை வெயில் கடல் பக்கமிருந்து தெருவின் நீளத்துக்கும் உள்ளே வரும், நடந்து வருகிறவர்களின் நிழல் நீண்டு விழும். டூமா வீதி, மிஷன் வீதி போன்றவை தெற்கு வடக்காகப் போகின்றன. அங்கே காலையில் கிழக்குப் பார்த்த வீடுகளின் முகப்பும், மாலையில் எதிர்வரிசை முகப்பும் ஒளி பெறும். ஆகவே ஒரு தெருவை ஒரே நாளில் இரண்டு முறை நடந்தால் இரண்டு வேறு தெருக்களைப் பார்க்கலாம். இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது கிடைக்காது. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை வெளியே எடுப்பதைத் தவிர்த்து, பெரிய மார்க்கெட்டின் உட்புறச் சந்துகளில் கூரை இடுக்கு வழியே இறங்கும் ஒளியில் மீன், பூ, காய்கறிக் கடைகளைப் பாருங்கள். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. அங்கும் அந்த நேரத்தைக் கழிக்கலாம்.

3. ஒரே ஒரு கேள்வி

எதை எடுப்பது என்பதையும் சுருக்க வேண்டும். புதுச்சேரி தரும் நல்ல கேள்வி, பிரெஞ்சு, தமிழ் என்ற இரண்டு கட்டடக் கலைகள் எங்கே சந்தித்துக்கொள்கின்றன என்பது. 1761இல் ஆங்கிலேயர் இந்த நகரைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் பார்க்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை. வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதில், வளைவு வாசல், மதிலைத் தாண்டித் தொங்கும் காகிதப்பூ. மேற்கே திண்ணை, மரத் தூண், தெருத் தாழ்வாரம். மேற்குப் பகுதியின் பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் வளைவுச் சன்னல்களோடு பிரெஞ்சு முறையிலும் இருக்கும். வைசியாள் வீதியை இதற்காகவே நிதானமாக நடக்கலாம். கதவு, திண்ணை, சன்னல் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து இரு பகுதிகளிலும் எடுங்கள். எல்லாரும் எடுத்துத் தீர்த்த ஊரில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாரும் எடுத்தது மஞ்சள் சுவரையும் அதன் முன்னே தங்களையும்தான். ஒரே பொருளை வாய்க்காலின் இருபுறமும் அடுக்கிக் காட்டும் இருபது படங்கள் அவர்களிடம் இருக்காது.

4. கடலுக்கு ஒரு விடியல்

மாலை முதல் மறுநாள் காலை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடாது. ஆகவே சூரியன் எழும்போது சாலை நடப்பவர்களுக்கே சொந்தம். சூரியனை மட்டும் எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். கரையை அடுக்கடுக்காகக் காக்கும் கருங்கற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்ததால் நகரின் மணற்கரை கரைந்தது. பிற்பாடு தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியில் ஒரு பகுதியில் மணல் மீண்டது. கல்லும் மணலும் அடுத்தடுத்து நிற்கும் படம் அழகோடு சாட்சியமும் ஆகும். பாறைகளில் பாசி வழுக்கும். அலை படும் கல்லில் இறங்கக் கூடாது.

5. கருவி

பெரிய கேமரா இல்லாமல் இதெல்லாம் ஆகுமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. நடுத்தர விலை செல்போனே போதும். வெள்ளைச் சுவரைக் கண்டால் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிச் சுவரைச் சாம்பல் நிறமாகக் காட்டும். வெளிச்ச அளவை அரை முதல் ஒரு படி கூட்டினால் சுவர் வெள்ளையாகும். எதிர்வெயிலில் எடுக்கும்போது முகம் தெரிய வேண்டுமென்றால் அதே அளவைக் கூட்டவும், நிழலுருவம் வேண்டுமென்றால் குறைக்கவும் வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படியும் என்பதால் அரை மணி நேரம் பையிலேயே வைத்திருங்கள். உப்புக் காற்று பட்ட லென்ஸை ஒவ்வொரு நாளும் மென்துணியால் துடையுங்கள்.

6. மனிதர்களும் பாதுகாப்பும்

திண்ணை தெருவைப் பார்த்திருந்தாலும் அது வீட்டின் பகுதி. அங்கே உட்கார்ந்திருப்பவரிடம், "ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா?", "அம்மா, எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். குருசுக்குப்பத்தில் வலை பிரிக்கும் மீனவர்களிடமும் அப்படியே. அது அவர்கள் வேலை செய்யும் நேரம். ஆசிரமத்திலும் கோயில்களிலும் விதிகளைக் கேட்டறிந்து நடங்கள். கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்பார்கள். முதல் படத்தில் கெடலாம். மறுநாள் அதே தெருவில் வந்து முந்தைய நாள் எடுத்த படத்தைக் காட்டினால் நீங்கள் அந்நியர் இல்லை. தனியாகப் போவது, அதிலும் பெண்கள் தனியாகப் போவது ஆபத்தில்லையா என்ற கவலையும் நியாயமானது. அதற்கும் சிறிய பரப்பே நல்ல விடை. அறைக்குப் போகும் வழி மனப்பாடம் ஆகும், டீக்கடைக்காரருக்கு முகம் தெரியும், கூட்டம் எங்கே எப்போது குறையும் என்பது புரியும். விடியற்காலையில் ஆள் நடமாட்டமுள்ள கடற்கரைச் சாலையிலேயே இருங்கள். ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறக் கரைகளுக்குத் தனியாகப் போக வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கு நாள்தோறும் தெரிவியுங்கள்.

7. இரவுத் தேர்வு

ஒவ்வொரு இரவும் அன்றைய படங்களைப் பார்த்துப் பத்தை மட்டும் நிறுத்துங்கள், மற்றொரு இடத்தில் பிரதியும் வையுங்கள். அந்தப் பத்தில் எது இல்லையோ அதுவே மறுநாள் காலையின் வேலை. மனிதர்களே இல்லையென்றால் மார்க்கெட்டுக்கும், எல்லாம் தூரத்துக் காட்சிகளாக இருந்தால் ஒரு கதவின் கைப்பிடிக்கும் போக வேண்டும். இரண்டாம் நாள் முடிவில் பன்னிரண்டு படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் தெருப் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். பழைய வீடுகள் இடிந்துகொண்டே வரும் ஊரில் அந்த ஒற்றை வரிக் குறிப்பு பின்னாளில் ஆவணமாகும். ஆரோவில் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். இந்த முறை ஒரு தெருவையாவது முழுமையாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.