வேனிற்காலத்து ஓட்டப் பயிற்சி

உடலுரம் பெறுதற்குரிய பயிற்சிகளுள் ஓட்டம் எளிமை மிக்கது. ஆடுகளமும் கருவியும் தோழரும் இன்றியே ஒருவர் தம் இரு கால்களைக் கொண்டு அதனைப் பயிலலாம். இதுபற்றியே முடிச்சூர், தாம்பரம், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் முதலிய நம் பக்கத்து ஊர்களில் வைகறைதோறும் இளைஞரும் நங்கையரும் சாலையோரங்களில் ஓடக் காண்கின்றோம். அவருள் சிலர் நெடுந்தொலை ஓட்டப் பந்தயங்களை விரும்புவோர். சிலர் உடற்பருமன் குறைய விழைவோர். வேறு சிலர் காவற்றுறையிலோ படையிலோ சேர்தற்குரிய உடற்றகுதித் தேர்வை நோக்கி உழைப்போர். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆடவர் 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடித்தல் வேண்டும். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அவ்வேழு நிமிடங்கள் வாழ்நாள் முழுமைக்கும் சோறிடுவன. ஆகவே ஓட்டப் பயிற்சியை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுதல் தகாது.

இப்பயிற்சிக்கு ஆண்டுதோறும் ஓர் இடையூறு நேர்கின்றது. பங்குனி கழிந்து சித்திரை பிறந்தவுடன் வெயில் கடுமையாகின்றது. மே மாதம் 4-ஆம் நாள் அளவில் தொடங்கி 28-ஆம் நாள் அளவில் முடியும் கத்திரி வெயிலின் கொடுமையை இப்பகுதியார் யாவரும் அறிவர். 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை 45 பாகை செல்சியசை எட்டியது. இத்தகைய பருவத்தில் ஓடுவோர் இரு பிரிவினராகின்றனர். ஒரு பிரிவினர், மழை பெய்த பின் பார்ப்போம் என்று காலணியைப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். மற்றொரு பிரிவினர், வெயிலுக்கு அஞ்சாதவனே வீரன் என்றெண்ணித் தை மாதத்து வேகத்தையே சித்திரையிலும் கடைப்பிடிக்கின்றனர். முன்னவர் பல திங்கள் உழைத்துப் பெற்ற ஆற்றலைச் சில கிழமைகளில் இழக்கின்றனர். பின்னவரோ சிற்சில வேளைகளில் உயிரையே இழக்கின்றனர். இவ்விரண்டிற்கும் நடுவே செவ்விய வழியொன்று உண்டு. அஃது ஓட்டத்தை விடாது வேகத்தை விடுதல். அதன் காரணங்களையும் முறைகளையும் ஈண்டு ஆராய்வாம்.

வேனிலையும் நண்பகலையும் பாலைத்திணைக்குரிய பொழுதுகளாகத் தொல்காப்பியர் வகுத்தனர். வழிச்செல்வோர்க்கு வேனிலின் நண்பகலே பெருந்துன்பம் தருவது என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரை நோக்கிச் செல்லும் கோவலன், வேனில் வெயிலைக் கண்ணகி பொறாள் என்று கவுந்தியடிகளிடம் கூறிப் பகலில் நடத்தலை ஒழித்து இரவில் செல்லத் துணிகின்றான். அவர்கள் பயணத்தைக் கைவிட்டிலர், வெயிலோடு மாறுகொண்டும் நின்றிலர், பொழுதை மாற்றிக்கொண்டனர். ஓடுவோர்க்கு இது நல்ல பாடமாகும். ஆயினும் பொழுதை மாற்றுதல் ஒன்றே போதுமா என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடை காண, நம் உடம்பு வெப்பத்தை யாங்ஙனம் ஆள்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

உடம்பின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. தசைகள் தொழில் செய்யுங்கால், உணவினின்று பெற்ற ஆற்றலில் நாலில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் இயக்கமாகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 600 கிலோ கலோரி ஆற்றலைச் செலவிடுவர். அதில் 450 கிலோ கலோரியாவது வெப்பமாகிவிடும். அவ்வெடையுள்ள உடம்பைச் சூடேற்றுதற்குப் பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ கலோரி போதும். எனவே அவ்வெப்பம் வெளியேற வழியே இல்லையாயின் உடம்பின் வெப்பம் 9 பாகை உயர்தல் வேண்டும். அதற்கு நெடுநேரம் முன்னரே ஓடுபவர் உயிர் நீங்கும். அங்ஙனம் நிகழாமற் காப்பது வியர்வையே. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகுங்கால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுசெல்கின்றது. மட்பானையில் வைத்த நீர் குளிர்வதும் இம்முறையாலேயாம். ஈண்டு உற்றுநோக்கத் தக்கது ஒன்று உண்டு. உடம்பைக் குளிர்விப்பது வியர்த்தல் அன்று, வியர்வை உலர்தலே. சொட்டுச் சொட்டாகத் தரையில் வீழும் வியர்வை நம் நீரையும் உப்பையும் கொண்டுபோவதன்றிச் சூட்டைக் கொண்டுபோவதில்லை.

வைகறை ஓட்டத்தைப் பற்றிய மயக்கம் ஒன்று இதனால் தெளிவாகும். வைகறையில் வெயில் இல்லை. வெப்பநிலையும் அந்நாளின் மிகக் குறைந்த அளவில் நிற்கும். ஆனால் கடலுக்கு அண்மையிலுள்ள நம் பகுதியில் அவ்வேளையிலேதான் காற்றின் ஈரப்பதன் மிகுந்திருக்கும். கொடியிலிட்ட துணி உலராத வேளையில் மேனியின் வியர்வையும் உலராது. நண்பகலிலோ ஈரப்பதன் விழுக்காடு குறைந்திருப்பினும் கதிரவன் வெம்மையும் தார்ச்சாலையின் வெம்மையும் ஒருங்கே தாக்கும். ஆகவே இரண்டனுள் வைகறையே சிறந்ததெனினும் அது தீங்கற்ற பொழுதென்று கருதி முழு வேகத்தில் ஓடுதல் பிழையாகும். 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் கத்தார் நாட்டுத் தோகா நகரில் நிகழ்ந்த உலகத் தடகளப் போட்டியே இதற்குச் சான்று. பகல் வெயிலுக்கு அஞ்சி மகளிர் மாரத்தான் ஓட்டத்தை நள்ளிரவில் வைத்தனர். வெப்பம் 30 பாகைக்கு மேலும் ஈரப்பதன் 70 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தன. தொடங்கிய வீராங்கனையர் 68 பேருள் ஓட்டத்தை முடித்தவர் 40 பேரே. கதிரவன் மறைந்தும் வெப்பம் மறைந்திலது.

வெப்பமானியின் எண்ணை மட்டும் நோக்கி முடிவு செய்தல் கூடாதென்பதை அமெரிக்கப் படையினரும் பட்டறிந்தனர். பாரிஸ் தீவிலுள்ள அவர்தம் பயிற்சி முகாமில் வெப்பத்தால் வீரர் பலர் நோயுற்றமையின், 1956-ஆம் ஆண்டில் காற்றின் வெப்பம், ஈரம், கதிரவன் வெம்மை ஆகிய மூன்றையும் ஒருங்கே அளந்து அதற்கேற்பப் பயிற்சியை மட்டுப்படுத்தும் முறையைக் கைக்கொண்டனர். நோயுற்றோர் தொகையும் பெரிதும் குறைந்தது. அவ்வளவை இன்று விளையாட்டுப் போட்டிகளிலும் பயன்படுத்துகின்றனர்.

வெப்பத்தைப் பொருட்படுத்தாத மனவுறுதி எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்கு ஓட்ட வரலாற்றில் துயரமான சான்றுகள் உள. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்கோம் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய போர்த்துகல் நாட்டுத் தச்சர் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். வெயிலினின்று தோலைக் காக்க அவர் உடம்பில் மெழுகு பூசியிருந்தார் என்றும், அது வியர்வையைத் தடுத்தது என்றும் கூறுவர். நம் நாட்டில், 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஜார்க்கண்டு மாநிலத்தார் ஆயத்தீர்வைக் காவலர் பணிக்கென நடத்திய தேர்வில் ஆடவர் 10 கிலோமீட்டரை 60 நிமிடங்களில் ஓடுதல் வேண்டியிருந்தது. அவ்வோட்டத்தின் தொடர்பில் பத்துப்பேர் அளவில் இளைஞர் இறந்தனர். இறப்பின் காரணங்கள் பலவாறு பேசப்பட்டன. ஆயினும் அரசு தேர்வை மூன்று நாள் நிறுத்தி வைத்தது. காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் நடத்தலாகாது என்றும் அறிவித்தது. வேலை ஒன்றை நாடிச் சென்ற பிள்ளைகளை அவர்தம் பெற்றோர் பிணமாய்ப் பெற்றனர் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. நம் சாலைகளில் ஓடும் இளைஞர்க்கும் வேலையின் தேவை அத்தகையதேயாகலின், இச்செய்தியை அயலாருடையதென்று யாம் கருதுதற்கில்லை.

அங்ஙனமாயின் வேனிலில் ஓட்டத்தை அறவே விட்டுவிடுதல் நன்றன்றோ எனின், அன்று. மக்கள் உடம்பு வெப்பத்திற்குப் பழகும் இயல்புடையது. தென்னாப்பிரிக்காவின் ஆழ்ந்த பொற்சுரங்கங்களில், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், புதிதாய் இறங்கிய தொழிலாளர் பலர் வெப்பத்தால் மாண்டனர். பின்னர், புதியவர்க்கு எளிய வேலை தந்து நாடோறும் சிறிது சிறிதாகக் கடுமையை ஏற்றும் முறையைக் கண்டு அவ்விறப்புகளைப் பெரிதும் குறைத்தனர். நாள்தோறும் ஒரு மணி நேர அளவு வெப்பத்தில் உழைத்தால், பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் குருதியில் நீர்ப்பகுதி பெருகுகின்றது. அதே வேலைக்கு நெஞ்சம் முன்னினும் குறைவாகவே துடிக்கின்றது. வியர்வை விரைந்து தொடங்கி மிகுதியாய்ச் சுரக்கின்றது. அதில் கழியும் உப்பும் குறைகின்றது. இப்பழக்கம் ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. ஓடாது குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டால் சில கிழமைகளில் மறைந்துபோம். ஆகவே இடைவிட்டு ஓடுவோரே வேனிலில் மிகுதியும் இடர்ப்படுவர். விடுமுறையில் மலைநாடு சென்று மீண்டவரும், காய்ச்சலுற்றுத் தேறியவரும் முதல் நாள் தொடங்கியதுபோலவே மீளத் தொடங்குதல் வேண்டும்.

இனி முறைகளைக் கூறுவாம். வேனிலின் முதல் இரு கிழமைகளில் வழக்கமாக ஓடும் நேரத்தில் பாதியளவு ஓடுக. பின்னர்ச் சில நாட்களுக்கொருமுறை ஐந்து நிமிடம் கூட்டுக. வேகத்தைக் கைக்கடிகாரத்தால் அளவாது மூச்சால் அளக்க. உடன் ஓடுவாரோடு ஒரு முழு வாக்கியத்தை இடையறாது பேச இயலுமாயின் வேகம் தக்கது, இயலாதாயின் மிகையானது. தையில் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடியவர் சித்திரையில் 7 நிமிடத்தில் ஓடுவராயின் அவர் பின்னடைந்தார் அல்லர். நெஞ்சம் ஏறத்தாழ அதே உழைப்பை உழைக்கின்றது. தேர்வுக்காக விரைவோட்டம் பயில்வோர் 1,500 மீட்டரை ஒரே மூச்சில் ஓடாது, 200 அல்லது 300 மீட்டர்த் துண்டுகளாகப் பிரித்து, இடையிடையே நிழலில் நன்கு இளைப்பாறிப் பயில்க.

பொழுதோடு இடமும் கருதத்தக்கது. முடிச்சூர் வழியாகச் செல்லும் வெளிவட்டச் சாலை அகன்றதும் சமமானதுமாயினும் அங்கே நிழல் அரிது; பகலெல்லாம் காய்ந்த தார் இரவிலும் சூட்டைக் கக்கும்; விரைந்து வரும் வண்டிகளால் வேறு இடரும் உண்டு. விடியுமுன் அங்கு ஓடுவோர் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையணிந்து, வண்டிகளை எதிர்நோக்கி ஓரமாய் ஓடுதல் நலம். 1937-ஆம் ஆண்டு தாம்பரத்திற்குக் குடிபுகுந்த நம் கல்லூரியின் மரச்செறிவு இவ்வகையில் பெரும்பேறாகும். மரநிழலில் மண்பாதையில் ஓடுவது, வெட்டவெளிச் சாலையில் ஓடுவதினும் உடம்பிற்கு இதமானது. மெல்லிய, தளர்ந்த, வெளிறிய நிற ஆடையே வேனிலுக்கு ஏற்றது.

நீரைப் பற்றியும் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. ஓட்டத்தின்போது நீர் பருகலாகாதென்று சிலர் தாகத்தை அடக்குவர், அது பெருந்தீங்கு. வேறு சிலர் தாகமின்றியும் குடம் குடமாய்ப் பருகுவர், அதுவும் தீங்கே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவருள் 488 பேரின் குருதியை ஆராய்ந்தபோது, 13 விழுக்காட்டினர்க்கு அதில் உப்பின் அளவு தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடுமளவு பருகியவரிடத்தேதான் இக்குறை மிகுதியாய்க் காணப்பட்டது. ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பார்த்தல் எளிய சோதனை. எடை கூடியிருப்பின் மிகப் பருகினோம் என்பதும், 60 கிலோகிராமில் 1 கிலோகிராமுக்கு மேல் குறைந்திருப்பின் பருகியது போதாது என்பதும் விளங்கும். உப்பிட்ட நீர்மோர், நீராகாரம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை நீரையும் உப்பையும் ஒருங்கே தரும். விலையுயர்ந்த பானங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

இத்துணை விழிப்பாக இருந்தும் ஒருவர் நிலைகுலைதல் கூடும். தலைவலி, குமட்டல், வெயிலிலும் மயிர் சிலிர்த்தல் ஆகியவை முதற்குறிகள். அவை தோன்றியவுடன் ஓட்டத்தை நிறுத்தி நிழலை அடைதல் வேண்டும். நடை தள்ளாடிப் பேச்சுத் தடுமாறி அறிவு மயங்குமாயின் அது வெப்பத்தாக்கு. உயிருக்கு இறுதி செய்யவல்லது. மேனி வியர்த்திருக்கின்றதே என்று ஏமாறற்க. ஓட்டத்தால் நேரும் வெப்பத்தாக்கில் வியர்வை நில்லாதும் இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, ஊர்தி வருமளவும் வாளா இராது உடனே குளிர்வித்தல் வேண்டும். தொட்டியிருப்பின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்தளவு நீரில் அமர்த்துக. இல்லையேல் உடம்பெங்கும் தண்ணீரை ஓயாது ஊற்றி விசிறுக. பனிக்கட்டி கிடைப்பின் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்க. அறிவு மயங்கியவர் வாயில் நீர் ஊற்றலாகாது. முதல் அரை மணி நேரத்தில் செய்யும் குளிர்விப்பே பெரும்பாலும் உயிரைக் காக்கின்றது. ஆகலின் கத்திரி வெயிற்காலத்தில் தனித்து ஓடாது இருவராகவேனும் ஓடுதல் சாலச் சிறந்தது.

வெப்பநாட்டில் பிறந்தோம் என்று மனந்தளர வேண்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களிலும் பொற்பதக்கம் பெற்றவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோவிந்தன் இலட்சுமணன். வெயில் காயும் நம் நாடும் விரைந்தோடுவாரைப் பெற்றதே.

சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது நம் உழவர் பழமொழி. கோடையில் உழுகின்றவன் அன்றே விளைச்சலை எதிர்பார்ப்பதில்லை. மழை வரும்போது நிலம் அதனை ஏற்குமாறு செய்கின்றான். வேனிலில் ஓடுவாரும் விரைவை எதிர்பாராது உடம்பைப் பண்படுத்திவைப்பாராயின், மார்கழிக் குளிரில் அவர்தம் கால்கள் தாமே விரையும். வரும் சித்திரையில் நண்பர் அனைவரும் மெல்ல ஓடுக, நாடோறும் ஓடுக, ஒருவரையொருவர் நோக்கி ஓடுக.