மூன்றாம் அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள்

பி.எட்., எம்.எட்., எம்.எஸ்.டபிள்யூ. என எந்தப் படிப்பானாலும் புராஜெக்ட் வேலை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் தலைப்பு. கைடு தலையாட்டியதும் யாரோ ஒரு சீனியரின் வினாநிரல் கைக்கு வரும். அதை ஜெராக்ஸ் எடுத்து, நூறு பேரிடம் டிக் வாங்கி, தெரிந்தவரைப் பிடித்து எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஓட்டி, ஸ்பைரல் பைண்டிங்குக்கு முந்தைய இரவு 'ஆய்வு முறை' என்ற மூன்றாம் அத்தியாயத்தை எழுதுவார்கள். வீடு கட்டிப் பால் காய்ச்சிவிட்டு அப்புறம் பிளான் போடுகிற கதைதான்.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தலைப்பு முடிவான அன்றே ஒரு பக்கம் எழுதுங்கள்: என் கேள்வி என்ன, யாரிடம் கேட்கப் போகிறேன், கிடைப்பதை எதனோடு ஒப்பிடப் போகிறேன், என்ன வந்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்வேன். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத வரவில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள். எந்த விடை வந்தாலும் உங்கள் எண்ணத்துக்கே சாதகமாகும் தலைப்பில் ஆய்வு செய்ய ஒன்றுமே இல்லை.

'சமூக ஊடகம் மாணவர்களின் கல்வியில் ஏற்படுத்தும் தாக்கம்' என்பது பட்டிமன்றத்துக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. 'இரவு பத்து மணிக்கு மேல் போன் பார்க்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், பார்க்காதவர்களைவிட அதிக நாள் தாமதமாகப் பள்ளிக்கு வருகிறார்களா?' என்று கேட்டால் எண்ணிப் பார்க்கலாம். வருகைப் பதிவேடும் வகுப்பு ஆசிரியரின் ஒத்துழைப்பும் இருந்தால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை.

எல்லாரும் சறுக்குகிற இடம் ஒப்பீடு. பி.எட். செயலாய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் 40 பேர். பின்னக் கணக்கில் 25 மதிப்பெண்ணுக்கு முன்தேர்வு. கடைசியில் நிற்கும் பத்துப் பேருக்கு மட்டும் இரண்டு வாரம் அட்டை, குச்சி, விளையாட்டு என்று சொல்லிக் கொடுக்கிறோம். பின்தேர்வில் பத்துப் பேரும் ஏறிவிடுகிறார்கள். டி-டெஸ்ட்டும் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு' என்கிறது.

அந்தப் பத்துப் பேர் யார் யார்? உண்மையிலேயே கணக்கு வராதவர்கள் சிலர் இருப்பார்கள். முந்தைய இரவு மாரியம்மன் கோயில் திருவிழாவில் கண்விழித்த பையன் இருப்பான், காய்ச்சலோடு வந்தவள் இருப்பாள், இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே மறந்தவன் இருப்பான். அன்றைக்கு மட்டும் சறுக்கிய இவர்கள், நீங்கள் ஒன்றும் சொல்லித் தராவிட்டாலும் அடுத்த தேர்வில் மேலே வந்துவிடுவார்கள். புள்ளியியலில் இதைச் சராசரி நோக்கித் திரும்புதல் என்பார்கள். கடைசி வரிசையை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்த முறையும் ஜெயித்த மாதிரித்தான் தெரியும். இதற்குச் செலவில்லாத வழி உண்டு. கடைசி இருபது பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேருக்கு இப்போதும் மீதிப் பத்துப் பேருக்குப் பின்தேர்வு முடிந்த பிறகும் சொல்லிக் கொடுங்கள். யாருக்கும் பாடம் போகாது. உங்களுக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் குழு கிடைத்துவிடும்.

பெரிய அளவில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் வீட்டருகே பாடம் நடத்தினார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகள் 2019-இல் எழுதிய தேர்வு அவர்கள் கையில் இருந்தது. 2021 டிசம்பரில் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கம் அளவுக்குப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. இதில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு சுமார் 24 விழுக்காடு.

அந்த 24-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகளை மட்டும் முன்னும் பின்னும் சோதித்திருந்தால் மொத்த முன்னேற்றமும் திட்டத்தின் கணக்கில் ஏறியிருக்கும். பள்ளி திறந்ததாலேயே வந்த முன்னேற்றத்தைப் பிரித்துப் பார்த்ததால்தான் கால்வாசி என்ற விடை கிடைத்தது. கால்வாசி என்பது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் 'திட்டம் மாபெரும் வெற்றி' என்று எழுதுவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

சமூகப்பணி மாணவர்களுக்கு எண்ணைவிடப் பேட்டிதான் அதிகம். அங்கே கேள்வி கேட்கும் விதத்திலேயே பாதி ஆய்வு கெட்டுப்போகும். காலை உணவுத் திட்டத்தைப் பற்றி ஓர் அம்மாவிடம், "இந்தத் திட்டத்தால உங்க பையனுக்குப் பயன் கிடைச்சுதாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "கிடைச்சுது சார்." அவ்வளவுதான், பேட்டி முடிந்தது. கையில் ஃபைல் வைத்திருக்கும் ஆளிடம் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக, "நேத்து காலையில பையன் என்னம்மா சாப்பிட்டான்?" என்று ஆரம்பியுங்கள். "பள்ளிக்கூடத்துல கிச்சடி போட்டாங்களாம், இவன் தங்கச்சிக்காக வீட்டுலயும் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போனான்" என்பது போல ஒரு பதில் வரலாம். அப்படி ஒரு வரி வந்தால் அத்தியாயமே அங்கிருந்து தொடங்கிவிடும்.

அதே திட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில்தான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இடைப்பட்ட காலத்தில் உணவு கிடைத்த பள்ளி, கிடைக்காத பள்ளி என இரண்டும் இருந்தன. வருகைப் பதிவேடுகள் இருக்கும் பள்ளிகளில் அந்த ஆண்டை இப்போதும் திரும்பிப் பார்க்கலாம். முதல் கட்டத்துக்கு எந்தப் பள்ளிகளை எதற்காக எடுத்தார்கள் என்று விசாரிக்காமல் ஒப்பிடாதீர்கள். எத்தனை தட்டு உப்புமா பரிமாறினார்கள் என்ற கணக்கை விளைவு என்றும் எழுதாதீர்கள். அது நடந்த வேலையின் கணக்கு. பிள்ளை பள்ளிக்கு வந்தானா, வகுப்பில் உட்கார்ந்தானா என்பதுதான் விளைவு.

வினாநிரல் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் எம்.எட். ஆய்வுக்கு 60 கேள்வி வைத்து, ஒன்பதாம் வகுப்பில் கடைசிப் பீரியடில் கொடுத்தேன். பெல் அடிக்கப் பத்து நிமிடம். பாதிப் பேர் 'ஒத்துக்கொள்கிறேன்' கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக டிக் போட்டுக் கொடுத்தார்கள். 'எனக்குப் பள்ளி பிடிக்கும்', 'எனக்குப் பள்ளி பிடிக்காது' இரண்டுக்கும் டிக். எதிர்மறைக் கேள்வி இரண்டு இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. இல்லையென்றால் அந்தக் குப்பையையும் சராசரி போட்டிருப்பேன். இருபது கேள்வி போதும். பத்துப் பேரிடம் முன்சோதனை செய்து, எந்த வரியில் பேனா நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

மாதிரி அளவுக்குக் கிரெஜ்சி-மார்கன் அட்டவணையை (1970) எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: ஆயிரம் பேருக்கு 278, எவ்வளவு பெரிய தொகைக்கும் 384-க்குப் பக்கத்தில். அந்த எண்கள் குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கானவை. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் போட்டு 384 சேர்த்தாலும் அது நண்பர்கள் வட்டம்தான். அப்படித்தான் சேர்த்தேன் என்று நேராக எழுதிவிடுவது நல்லது. நல்ல தேர்வாளர் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை: அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலகத்துக் கடிதத்துக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பதில் எண் போடுங்கள்.

தொண்டு நிறுவனங்களில் 'எம் அண்ட் ஈ' என்று சொல்லப்படும் கண்காணிப்பு-மதிப்பீடு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் புராஜெக்ட்தான் கையிலிருக்கும் ஒரே அனுபவச் சான்று. நேர்காணலில் எஸ்பிஎஸ்எஸ் தெரியுமா என்று கேட்டாலும், பேச்சு சீக்கிரமே 'எதனோடு ஒப்பிட்டீர்கள்?' என்பதில் வந்து நிற்கும். பைண்டிங் செய்த பிரதியோடு மூலத் தாள்களையும் பத்திரமாக வையுங்கள்.

அந்தத் தாள்களின் அருமையை நான் வைவாவில் கற்றேன். வெளித் தேர்வாளர் என் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து, "முன்தேர்வுல நாப்பது பேர், பின்தேர்வுல முப்பத்தேழு. மூணு பேர் எங்கம்மா?" என்றார். செங்கல் சூளை வேலைக்குப் பெற்றோரோடு போய்விட்டார்கள். எக்செல்லில் அவர்களை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். முன்தேர்வில் அவர்கள் எடுத்தது என்ன என்று கேட்டார். தாளைப் பிரித்துப் பார்த்தேன்: 2, 3, 4. நாற்பது பேரின் சராசரி 11. அந்த மூவரை நீக்கிவிட்டால் அதே முன்தேர்வின் சராசரி 11.65. நான் பாடமே தொடங்காத நாளில் என் வகுப்பு 0.65 மதிப்பெண் முன்னேறியிருந்தது.