கையில் அடங்கிய கணினி

உரைநடை

நுழையும்முன்

ஒரு கருவியை வாங்கும்போது அதன் விலையையும் அழகையும் பார்க்கிறோம். அது பழுதுபட்டால் திறந்து பார்க்க இயலுமா, உதிரிப்பாகம் கிடைக்குமா, சில ஆண்டுகள் கழித்து அதன் ஆற்றலைக் கூட்ட முடியுமா என்று கேட்பவர் சிலரே. பெங்களூருவில் பிறந்த கையடக்கக் கணினி ஒன்றின் வரலாற்றையும், ஐரோப்பாவில் உருவான விளையாட்டுக் கணினிகளின் வரலாற்றையும் ஒப்பிட்டு, இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

எளியோருக்கு ஒரு கணினி

1998ஆம் ஆண்டு, வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் குறித்துப் பெங்களூருவில் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது. எழுத்தறிவு இல்லாதவரும் பயன்படுத்தத்தக்க, விலை குறைந்த, பல மொழிகளில் இயங்கும் கணினி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அங்கு வலுப்பெற்றது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் சாப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே முதலிய பொறியாளர்களும் இணைந்து, இலாப நோக்கமற்ற சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தோற்றுவித்தனர். எளிய, விலை குறைந்த, பன்மொழி மக்கள் கணினி என்பதே சிம்ப்யூட்டர் என்ற பெயரின் விரிவு.

2001ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் முன்மாதிரி வெளியிடப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியில் தொடுதிரை இருந்தது, விசைப்பலகை இல்லை. ஸ்டிராங் ஆர்ம் என்னும் செயலியைக் கொண்டு, லினக்ஸ் இயங்குதளத்தில் அது இயங்கியது. எழுத்தை ஒலியாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருளும் இந்திய மொழிகளுக்கான வசதியும் அதில் இடம்பெற்றன. ஒரு குடும்பம் தனியே வாங்க இயலாவிட்டாலும், ஓர் ஊரார் கூடி ஒரு கருவியை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது வடிவமைத்தவர்களின் கருத்து. இதற்காகவே ஸ்மார்ட் அட்டை பொருத்தும் இடம் அமைக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தமக்குரிய செய்திகளைத் தம் அட்டையில் வைத்துக்கொள்வர். கருவி பொதுவாக இருக்கும்.

2004ஆம் ஆண்டு, பிகோபீட்டா நிறுவனமும் பொதுத்துறையைச் சேர்ந்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்து, அமிதா என்னும் பெயரில் சிம்ப்யூட்டரைக் கடைகளுக்குக் கொண்டுவந்தன. அடிப்படை வகையின் விலை சுமார் 10,000 ரூபாய். அசைவை உணரும் முடுக்கமானி அதில் பொருத்தப்பட்டிருந்தது. கருவியைச் சாய்த்தே பக்கங்களைப் புரட்டலாம்; விளையாடவும் செய்யலாம். இன்றைய கைப்பேசிகளில் நாம் இயல்பாகக் காணும் இவ்வசதி அன்று புதுமையானது.

திறந்த வடிவமைப்பு

சிம்ப்யூட்டரின் சிறப்புகளுள் முதன்மையானது அதன் உரிம முறை. மென்பொருளின் மூலநிரலை எவரும் பார்த்துத் திருத்தலாம் என்னும் கொள்கை அக்காலத்தில் பரவிவந்தது. அதே கொள்கையை வன்பொருளுக்கும் பொருத்திப் பார்த்தது அறக்கட்டளை. சிம்ப்யூட்டர் பொது உரிமம் என்ற பெயரில், கருவியின் வரைபடத்தை அது வெளியிட்டது. வரைபடத்தைக் கற்பதற்குத் தடை இல்லை. கருவியைச் செய்து விற்க விரும்பும் நிறுவனம் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும்.

வரைபடம் கையில் இருந்தால் நன்மைகள் பல. எந்தச் சில்லு எந்தப் பணியைச் செய்கிறது என்பதைப் பழுதுபார்ப்பவர் அறிவார். செய்த நிறுவனம் மூடப்பட்டாலும் கருவி அனாதையாவதில்லை. ஒருவர் கண்ட மேம்பாடு பிறருக்கும் பயன்படும்.

விலையின் கணக்கு

இத்தனை சிறப்புகள் இருந்தும் அக்கருவி பரவவில்லை. 50,000 கருவிகள் விற்கும் என எதிர்பார்த்தனர்; 2005ஆம் ஆண்டு வரை விற்றவை ஏறத்தாழ 4,000 மட்டுமே. கர்நாடகத்தில் நில ஆவணப் பணிக்கும் நுண்கடன் பணிக்கும் அது பயன்பட்டது. ஆயினும் ஊர்தோறும் ஒரு சிம்ப்யூட்டர் என்னும் கனவு நிறைவேறவில்லை. அதே காலத்தில் கைப்பேசியின் விலை ஆண்டுதோறும் குறைந்துவந்தது.

குறைந்த எண்ணிக்கை விலையை எவ்வாறு உயர்த்துகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு கருவியின் மேலுறையை வார்க்கும் அச்சு 20,00,000 ரூபாய் எனக் கொள்வோம். 50,000 கருவிகள் செய்தால், ஒரு கருவியின் மீது விழும் அச்சுச் செலவு 40 ரூபாய். 4,000 கருவிகளே செய்தால், அது 500 ரூபாய் ஆகிவிடும். செயலி, திரை, மின்கலம் ஆகியவற்றை விற்போரும் மொத்தமாக வாங்குவோருக்கே விலையைக் குறைப்பர். விலை உயர்ந்தால் வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறைந்தால் விலை மேலும் உயரும். இச்சுழலில் சிக்கியவற்றுள் சிம்ப்யூட்டரும் ஒன்று.

முன்பதிவு என்னும் வழி

எத்தனை பேர் வாங்குவர் என்பதை முன்னரே அறிந்துகொண்டால் இச்சுழலிலிருந்து மீளலாம் அல்லவா? அதற்கு ஒரு வழி முன்பதிவு. கருவி உருவாகும் முன்னரே பணம் பெற்று, அப்பணத்தைக் கொண்டே கருவியைச் செய்வது இம்முறை.

கையடக்க விளையாட்டுக் கருவிகளை விரும்பிய சிலர், தாமே ஒரு கருவியை வடிவமைக்க முனைந்தனர். பண்டோரா என்னும் பெயருடைய அக்கருவி லினக்ஸில் இயங்குவது. விசைப்பலகையும் விளையாட்டுப் பொத்தான்களும் கொண்டது. சட்டைப்பையில் அடங்கும் அளவினது. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் அதன் முன்பதிவு தொடங்கியது. முதல் தொகுதிக்கெனத் திட்டமிட்டவை 4,000 கருவிகள். பெங்களூருவில் தோல்வி எனக் கருதப்பட்ட அதே எண்ணிக்கை, இங்கே தொடக்கத்திற்கான அடித்தளமாக அமைந்தது. வாங்குவோர் யாவர் என்பது முன்பே தெரிந்திருந்ததே அதற்குக் காரணம்.

ஆனால் முன்பதிவு இடரை நீக்குவதில்லை. விற்பவரின் தோளிலிருந்து வாங்குபவரின் தோளுக்கு மாற்றுகிறது. மேலுறை வார்ப்பதிலும் உதிரிப்பாகங்கள் பெறுவதிலும் தாமதங்கள் நேர்ந்தன. முதல் கருவிகள் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அனுப்பப்பட்டன. பணம் செலுத்தியவர்களுள் சிலர் அதற்கு மேலும் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. பண்டோராவின் வழித்தோன்றலான பைராவுக்கு 2016ஆம் ஆண்டு முன்பதிவு தொடங்கியது. கருவிகள் வாங்கியோர் கைக்கு வரத் தொடங்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

எனவே, முன்பதிவு செய்வோர் சில வினாக்களைக் கேட்டறிய வேண்டும். இயங்கும் முன்மாதிரி உண்டா? பணத்தைத் திரும்பப் பெறும் விதி எழுத்தில் உள்ளதா? தாமதம் நேர்ந்தால் அதனை வெளிப்படையாக அறிவிப்பார்களா? இவற்றுக்கு விடை கிடைக்காத இடத்தில் முழுத்தொகையையும் செலுத்துதல் அறிவுடைமை ஆகாது.

மேம்படுத்தலும் அதன் எல்லையும்

வாங்கிய கருவியைப் புதுப்பித்தல் மேம்படுத்தல் எனப்படும். மேசைக் கணினியில் இது எளிது. நினைவகப் பலகையைக் கழற்றிப் பெரியதைச் செருகலாம். கையடக்கக் கருவியில் இடம் குறைவு. பண்டோராவில் நினைவகச் சில்லு, செயலியின் மேலேயே ஒட்டிப் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஆதலால் நினைவகத்தை மட்டும் மாற்ற இயலாது. 256 மெகாபைட்டிலிருந்து 512 மெகாபைட்டுக்கு உயர்த்த வேண்டுமானால், மின்சுற்றுப் பலகை முழுவதையும் மாற்றவேண்டும். ஆயினும் மேலுறை, திரை, விசைப்பலகை ஆகியவற்றை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருந்தது. பழைய கருவி குப்பைக்குச் செல்லாமல் புத்துயிர் பெற்றது.

இப்பட்டறிவிலிருந்து பைராவை வடிவமைத்தவர்கள் ஒரு பாடம் கற்றனர். செயலியையும் நினைவகத்தையும் தனிப் பலகையில் அமைத்து, அதனை முதன்மைப் பலகையில் செருகும்படி செய்தனர். பின்னாளில் புதிய செயலி வந்தால் அச்சிறு பலகையை மட்டும் மாற்றினால் போதும்.

பழுதுபார்க்கும் கலை

பெங்களூருவின் எஸ்.பி. சாலை என வழங்கும் சதர் பத்ரப்பா சாலையில், மின்னணு உதிரிப்பாகம் விற்கும் கடைகளும் பழுதுபார்க்கும் கடைகளும் நெருங்கி அமைந்துள்ளன. சென்னையின் ரிச்சி தெருவும் இத்தகையதே. அங்குள்ள தேர்ந்த கைகள் பின்பற்றும் ஒழுங்கு, அறிவியல் முறையோடு ஒத்திருக்கிறது. எளிய காரணத்தை முதலில் ஆராய்ந்து, பின்னரே அரிய காரணத்திற்குச் செல்வர்.

கருவி இயங்கவில்லை எனில், மின்னேற்றியையும் அதன் கம்பியையும் முதலில் மாற்றிப் பார்ப்பர். அடுத்து மின்கலத்தின் மின்னழுத்தத்தை அளப்பர். அதன்பின் திரையையும் பலகையையும் இணைக்கும் மெல்லிய நாடாக் கம்பி தளர்ந்துள்ளதா எனப் பார்ப்பர். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே சில்லுகளின் மீது கைவைப்பர். பல பழுதுகள் முதல் மூன்று படிகளிலேயே தீர்ந்துவிடும்.

மின்கலத்தைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். இலித்தியம் மின்கலம் சில நூறு முறை மின்னேற்றப்பட்டபின் தன் கொள்திறனை இழக்கும். சில வேளைகளில் உள்ளே வளி உண்டாகி உப்பும். உப்பிய மின்கலத்தை அழுத்தவோ துளைக்கவோ கூடாது, தீப்பற்றும். அதனை மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பழுதுபார்க்கும் உரிமை

கழற்ற இயலாதவாறு ஒட்டப்பட்ட மேலுறை, விற்பனைக்கே வராத உதிரிப்பாகம், வெளியிடப்படாத வரைபடம் ஆகிய மூன்றும் நல்ல கருவியையும் விரைவில் குப்பையாக்கும். இதனை உணர்ந்து, 2022ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராயக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, இதற்கென இணையத்தளமும் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்கள், ஊர்திகள் ஆகிய நான்கு துறைகள் அதில் இடம்பெற்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றுமாறு அமைக்க வேண்டும் என்னும் விதி 2027ஆம் ஆண்டு நடைமுறைக்கு வருகிறது.

சிம்ப்யூட்டர் சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் கருவியின் வரைபடம் பொதுவாக இருக்கவேண்டும் என்றும், ஒரு கருவி பலருக்குப் பயன்படவேண்டும் என்றும் அது முன்வைத்த கருத்துகள் நிலைத்துள்ளன. ஒரு பொருளை வாங்கிய பின்னும் அதனைத் திறக்கவும் திருத்தவும் உரிமை இல்லையெனில், அது முழுமையாக நம்முடையது ஆகுமா? இவ்வினாவைக் கேட்டுப் பழகுவோரே விழிப்புள்ள நுகர்வோர்.

சொல்லும் பொருளும்

முன்மாதிரி – விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்யப்படும் வடிவம்
முடுக்கமானி – அசைவையும் சாய்வையும் உணரும் கருவி
உரிமம் – முறைப்படி அளிக்கப்படும் இசைவு
இடர் – துன்பம், இழப்பு நேரும் வாய்ப்பு
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு
கொள்திறன் – ஏற்று வைத்துக்கொள்ளும் அளவு

இலக்கணக் குறிப்பு

வாங்குவோர் – வினையாலணையும் பெயர்
மேம்படுத்தல் – தொழிற்பெயர்
உப்பிய மின்கலம் – பெயரெச்சம்
வெளியிடப்படாத வரைபடம் – எதிர்மறைப் பெயரெச்சம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. கையடக்கம்
2. முன்பதிவு
3. மின்னேற்றி
4. பட்டறிவு

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. சிம்ப்யூட்டரின் முன்மாதிரி வெளியிடப்பட்ட ஆண்டு ________.
2. அமிதாவை உருவாக்குவதில் பங்கேற்ற பொதுத்துறை நிறுவனம் ________.
3. பண்டோராவில் நினைவகச் சில்லு ________ மேல் பற்றவைக்கப்பட்டிருந்தது.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சிம்ப்யூட்டரில் ஸ்மார்ட் அட்டைக்கு இடம் அமைக்கப்பட்டது ஏன்?
2. முன்பதிவு இடரை நீக்குவதில்லை என்று கூறப்படுவது ஏன்?
3. உப்பிய மின்கலத்தை எவ்வாறு கையாளவேண்டும்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. 4,000 என்னும் எண்ணிக்கை ஓரிடத்தில் தோல்வியாகவும் மற்றோரிடத்தில் அடித்தளமாகவும் அமைந்ததை விளக்குக.
2. பண்டோரா, பைரா ஆகியவற்றின் மேம்படுத்தும் முறைகளை ஒப்பிடுக.

உ. கணக்கிட்டு எழுதுக.
ஓர் அச்சின் செலவு 12,00,000 ரூபாய். 3,000 கருவிகள் செய்தால் ஒரு கருவிக்கு எவ்வளவு? 30,000 கருவிகள் செய்தால் எவ்வளவு? இதிலிருந்து நீ அறிவதை இரண்டு தொடர்களில் எழுதுக.

ஊ. கடிதம் எழுதுக.
நீ வாங்கிய கையடக்கக் கருவிக்கு உரிய மின்கலம் கடைகளில் கிடைக்கவில்லை. உதிரிப்பாகம் வழங்குமாறு வேண்டி, அதனைச் செய்த நிறுவனத்தின் மேலாளருக்குக் கடிதம் ஒன்று வரைக.

எ. செயல்திட்டம்
உன் வீட்டில் பயன்படாமல் கிடக்கும் மின்னணுப் பொருள்களைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றும் பழுதானமைக்குரிய காரணம், சரிசெய்ய இயலுமா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பனவற்றைப் பெரியோரிடம் கேட்டு அட்டவணைப்படுத்துக. பழுதுபட்ட கருவிகளை நீயே திறத்தல் கூடாது.