கைபேசியும் கணினியும் இணங்கும் வழி

உறையூர் நெசவாளரிடம் ஆண்ட்ராய்டு கைபேசி. ஸ்ரீரங்கத்து வாழை விவசாயியிடம் ஐபோன். திருச்சிராப்பள்ளிச் சங்க அலுவலகத்தில் விண்டோஸ் கணினி எனக் கொள்வோம். இருவரும் சேர்த்து வைத்துள்ள வியாபாரிகளின் முகவரிகளை அக்கணினியில் ஏற்றுவது எங்ஙனம்?

கம்பியால் இணைப்பது எங்கும் ஒருபோல் பயன் தராது. ஆண்ட்ராய்டு கைபேசியிலுள்ள படங்களையும் கோப்புகளையும் விண்டோஸ் கணினி தானே திறந்து காட்டும். மேக் கணினிக்கோ தனி மென்பொருள் வேண்டும். ஆகவே, நாம் கருவியை நம்புவதினும் பொது வடிவை நம்புவதே நலம்.

நூல் எந்த ஆலையினதாயினும், நம்பர் பொருந்தினால் தறி ஏற்கும் அன்றோ? 'விகார்டு' என்னும் முகவரி வடிவமும் அத்தகையதே. ஆப்பிள், ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள் 1995இல் கூடி வகுத்த இவ்வடிவம் மூவகைக் கருவிகளுக்கும் விளங்கும். கைபேசியின் முகவரிப் பகுதியில் 'ஏற்றுமதி' என்பதைத் தேர்ந்தால், முகவரிகள் அனைத்தும் ஒரே கோப்பாகும்; அதனை மின்னஞ்சலில் சங்கத்திற்கு அனுப்பலாம்.

தமிழ்ப் பெயர்களைக் கணினியிலும் யூனிகோடு முறையிலேயே எழுதுவோமாக. தமிழக அரசு 2010இல் ஏற்ற முறை இதுவே. பழைய எழுத்துருவில் எழுதியவை பிற கருவிகளில் உருத்தெரியாமற் போகும்.

மாதந்தோறும் ஒரு பிரதி எடுத்து வைப்போம். கைபேசி பழுதுபட்டாலும், பல்லாண்டு தேடிய வாடிக்கை நம் கையைவிட்டுப் போகாது.