‘தோமோ’வா, ‘தோமோ’வா?

ஸ்பானிஷ் பாடநூலின் பின்பக்கத்தில் இருக்கும் வினைச்சொல் அட்டவணையைப் பார்த்து மிரண்டே படிப்பை விட்டவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கங்களை மூடிவைத்துவிட்டு ‘தோமார்’ என்ற ஒரே வினையைப் பிடித்துக்கொண்டேன். எடுப்பதற்கும் குடிப்பதற்கும் அதுதான். முரண்டு பிடிக்காத வினை.

தமிழருக்கு இதில் பாதி வேலை மிச்சம். ‘குடித்தேன்’ என்ற பிறகு ‘நான்’ எதற்கு? அங்கேயும் தோமோ, தோமாஸ், தோமா, தோமாமோஸ், தோமான் என்று விகுதியே ஆளைச் சொல்லிவிடும். மரியாதையான ‘உஸ்தேத்’துக்கு ‘அவர்’ விகுதி போடுவதுதான் பழக நாளாகும். ‘வோசோத்ரோஸ்’ வடிவங்கள் ஸ்பெயின் வழக்கு; மெக்சிகோ, பெரு பக்கம் போகிறவர்கள் அவற்றை ஒத்திப்போடலாம்.

இறந்தகாலம் இரண்டு. ‘நேற்று காப்பி குடித்தேன்’ என்றால் தோமே. ‘சின்ன வயதில் தினமும் காப்பி குடிப்பேன்’ என்றால் தோமாபா. குழம்பினால் தமிழில் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

தமிழ் கைகொடுக்காத இடம் அழுத்தம். முதல் அசையை அழுத்தினால் தோமோ ‘குடிக்கிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘குடித்தார்’. ‘தோமாரா’வில் கடைசி ‘ரா’ அழுந்தினால் ‘குடிப்பார்’; நடுவில் ‘மா’ அழுந்தினால் ‘குடித்தால்’ என்ற நிபந்தனைக்கு உரிய வடிவம். எழுத்தில் உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு காட்டிக்கொடுக்கும். பேச்சில் காதுதான் துணை. அதனால் வாய்விட்டுப் படியுங்கள், அழுத்தம் விழும் இடத்தில் மேசையைத் தட்டியபடி. வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

விருப்பம், ஐயம், வேண்டுகோள் என்று வந்தால் உயிர் இடம் மாறும். ‘நீ பால் குடிக்கணும்’ என்று ஆசைப்பட்டால் ‘கியேரோ கே தோமேஸ் லேச்சே’: தோமாஸ் தோமேஸ் ஆகிவிட்டது. சாப்பிடுவதைச் சொல்லும் ‘கோமேர்’ போன்றவற்றில் தலைகீழ், கோமேஸ் கோமாஸ் ஆகும்.

இவற்றைத் தனித்தனியாக உருப்போடத் தேவையில்லை. எதிர்காலத்துக்கு முழு வினையோடு விகுதி சேருங்கள்: தோமாரே. விருப்ப வடிவத்துக்கு ‘நான்’ வடிவத்தின் ‘ஓ’வை மாற்றுங்கள். அதன் இறந்தகாலத்துக்கு ‘குடித்தார்கள்’ என்னும் தோமாரோனில் ‘ரோன்’ போய் ‘ரா’ வரட்டும். முரட்டு வினைகளும் பிந்திய இரண்டுக்கும் அடங்கும்: தெங்கோ தெங்கா, துபியேரோன் துபியேரா. ‘நான்’ வடிவம் ‘ஓ’வில் முடியாத சேர், எஸ்தார், அபேர், ஈர், சபேர், தார் ஆறுக்கும் மட்டும் நிகழ்கால விருப்ப வடிவத்தை மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும்.